சுரங்கமும் ஞானமும்: யோபு 28ஆம் அதிகாரத்தின் விளக்கங்களைக் குறித்து ஓர் ஆய்வுரை

1. முன்னுரை

யோபு நூலின் 28ஆம் அதிகாரம் நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் பகுதிகளுள் ஒன்று. கல்லூரி நாள் வழிபாட்டிலும், வாலிபர் முகாமிலும், தேர்வு எழுதப் போகும் மாணவருக்கான சிறப்பு ஆராதனையிலும் இது வாசிக்கப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஆயினும் செய்தி எப்போதும் 12ஆம் வசனத்தின் கேள்வியில் தொடங்கி 28ஆம் வசனத்தின் விடையில் முடிந்துவிடுகிறது. ஞானம் எங்கே கிடைக்கும்? கர்த்தருக்குப் பயப்படுவதில் கிடைக்கும். அதற்கு முன்னுள்ள பதினொரு வசனங்களும், அதாவது வெள்ளியும் பொன்னும் இரும்பும் செம்பும் தோண்டப்படும் சுரங்கத்தைப் பற்றிய வசனங்கள், வாசிக்கப்படுகின்றன, ஆனால் விளக்கப்படுவதில்லை.

திருமறை ஆக்கியோன் ஒருவன் தன் கவிதையின் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை வெறும் அணிக்காகச் செலவிட்டான் என்று கொள்வது சரியா? சுரங்கப் பகுதியை அசட்டை செய்யும் வாசிப்பு, 28ஆம் வசனத்தின் விடையையும் பொருளற்ற பக்தி வாசகமாகக் குறைத்துவிடுகிறது என்பது நமது கருத்து. அவ்வசனங்களைச் சுரங்கத்தின் அருகிலும் அதன் நீர் பாயும் வழியிலும் வாழும் மக்களின் உடல்களோடு சேர்த்து வாசித்தாலன்றி இவ்வதிகாரத்தின் முழுப் பொருள் விளங்காது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க முயல்கிறோம்.

2. வழக்கிலுள்ள மூவகை விளக்கங்கள்

இப்பகுதிக்கு விளக்கவுரையாளரும் பிரசங்கியாரும் தரும் பொருளைப் பொதுவாக மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, இதனை மனித ஆற்றலின் புகழ்ச்சியாகக் காணும் விளக்கம். பருந்தின் கண் காணாத பாதையில், சிங்கம் மிதியாத வழியில் மனிதன் இறங்குகிறான். இருளுக்கு எல்லை குறிக்கிறான். மலைகளை வேரோடு புரட்டுகிறான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு அளிக்கப்பட்ட ஆளுகை இங்கே நிறைவேறுவதாக இவர்கள் கூறுவர்.

இரண்டாவது, சுரங்கத்தை வெறும் ஒப்புமையாகக் கொள்ளும் விளக்கம். ஆழத்திலிருந்து பொன்னை எடுக்கவல்ல மனிதனாலும் ஞானத்தை எடுக்க இயலாது என்பதே கருத்து. ஆகவே சுரங்கத்திற்குப் பதில் கடலையோ வானத்தையோ வைத்தாலும் கவிதை மாறாது என்பர்.

மூன்றாவது, தனிமனித பக்தி விளக்கம். பொன்னை நாடுவோர் உலகத்தார், ஞானத்தை நாடுவோர் விசுவாசிகள் என்று இது இரு கூறாகப் பிரிக்கும்.

இம்மூன்றிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இவற்றில் சுரங்கத்தில் இறங்குகிறவன் இருக்கிறான். எடுக்கப்படும் பொருள் இருக்கிறது. மேலே கடவுள் இருக்கிறார். சுரங்கத்திற்குக் கீழே, ஆற்றோரத்தில் குடியிருப்பவன் மட்டும் எங்கும் இல்லை. கவிதையும் அவனை மறந்துவிட்டதா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

3. மூலபாடம் கூறுவது

எபிரேய மூலத்தில் மூன்று இடங்களைக் கவனிப்போம்.

4ஆம் வசனம் கடினமான வசனம் என்பதை அறிஞர் யாவரும் ஒப்புவர். பழைய மொழிபெயர்ப்புகள் சில இதில் பெருக்கெடுத்த வெள்ளத்தைக் கண்டன. இக்கால மொழிபெயர்ப்புகள் மண்ணில் வெட்டப்பட்ட குழியைக் காண்கின்றன. இரு பொருளும் பிறப்பதற்குக் காரணம், அங்குள்ள 'நஹல்' என்னும் சொல் வழக்கமாக ஓடையைக் குறிப்பதே. எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: மனிதர் குடியிருக்கும் இடத்தைவிட்டு அப்பால், கால்கள் மறந்துபோன இடத்தில் வேலை நடைபெறுகிறது. சுரங்கம் தொலைவில் இருக்கிறது என்னும் எண்ணம் இங்கே பதிவாகிறது.

5ஆம் வசனம் ஒரே நிலத்தை இரு நிலைகளில் காட்டுகிறது. மேற்பரப்பு அப்பம் விளைவிக்கும் வயல். அதன் கீழ்ப்பகுதியோ நெருப்பினால் என்பதுபோலப் புரட்டப்படுகிறது. உண்பவரும் தோண்டுபவரும் ஒரே நிலத்தைச் சார்ந்திருக்கிறார்கள். நம் விளக்கவுரைகள் பெரும்பாலும் இதை அழகிய முரண் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆக்கியோன் இதில் ஒரு கவலையையும் வைத்திருக்கிறான் என்று நாம் கருதுகிறோம். அப்பம் தரும் நிலம் அடியில் புரட்டப்படுமானால் அப்பத்தின் கதி என்ன?

11ஆம் வசனமே மிக முக்கியமானது. சுரங்கக்காரன் ஆறுகளை அடைக்கிறான் என்பது வழக்கமான பொருள். ஒரு துளியும் கசியாவண்ணம் அடைப்பதாகவே நமது பழைய தமிழ்த் திருப்புதலும் கொள்கிறது. ஆனால் மாசொரேட்டு உயிர்க்குறிகளின்படி அங்குள்ள சொல் 'அழுகை' என்பதற்குரியது. அழாதபடி ஆறுகளைக் கட்டுகிறான் என்பதே நேர்ப்பொருள். கட்டுதல் என்னும் வினையும், காயத்துக்குத் துணி சுற்றிக் கட்டுவதற்கு வழங்கும் அதே வினை; கடவுள் காயங்கட்டுகிறார் என்று எலிப்பாசு 5ஆம் அதிகாரத்தில் சொல்லும்போதும் அதுவே வருகிறது. உகாரித்து இலக்கியத்தின் துணைகொண்டு இச்சொல்லைத் திருத்தி, ஆறுகளின் ஊற்றுக்கண்களை ஆராய்கிறான் என்று பொருள் கொள்வோர் இன்று பலர். அத்திருத்தம் தக்க காரணமுடையதே. ஆயினும் தலைமுறை தலைமுறையாக இப்பகுதியை வாசித்துக் காத்த மறைநூலார் இதில் அழுகையைக் கேட்டனர் என்பதை எளிதில் தள்ளிவிட இயலாது. சுரங்கம் இருக்கும் இடத்தில் ஆறு அழக்கூடும். அதன் அழுகையை நிறுத்திவிட்டதாக மனிதன் எண்ணுகிறான்.

4. கமியோகாவும் ஜின்ஸு ஆறும்

மனித ஆற்றலைப் புகழும் முதல்வகைப் பிரசங்கியார் இன்று ஓர் எடுத்துக்காட்டைத் தேடினால், ஜப்பானின் கிஃபு மாநிலத்திலுள்ள கமியோகாவைவிடச் சிறந்ததைக் காணமுடியாது. ஈயமும் துத்தநாகமும் எடுக்கப்பட்ட அந்தச் சுரங்கத்தில், நிலத்தடியில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், 1983இல் அறிவியலார் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தனர். 1987இல் வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோ துகள்களை அங்கே கண்டனர். 1996இல் 50,000 டன் தூயநீர் நிரப்பிய பெரிய கலம் இயங்கத் தொடங்கியது. அங்கு நடந்த ஆய்வுகளுக்காக மசதோஷி கொஷிபாவுக்கு 2002இலும் தகாகி கஜிதாவுக்கு 2015இலும் நோபல் பரிசு கிடைத்தது. மறைவானது வெளிச்சத்திற்குக் கொண்டுவரப்பட்டது என்று கவிதை சொல்வது ஏறத்தாழ எழுத்தின்படியே நிறைவேறிய இடம் அது.

ஆனால் அதே மலையிலிருந்து வேறொரு பொருளும் வெளியே வந்தது. துத்தநாகத் தாதுவோடு இயற்கையிலேயே சிறிதளவு காட்மியம் கலந்திருக்கும். தாதுவை நுண்தூளாக அரைத்து, வேண்டியதைப் பிரித்து, வேண்டாததை நீரோடு கழித்தபோது அந்தக் காட்மியமும் தகஹாரா ஆற்றில் சென்றது. அவ்வாறு ஜின்ஸு ஆறாகித் தொயாமா சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. சுரங்கம் மலையின்மேல், வேறொரு மாநிலத்தில், வயல்களிலிருந்து பல மைல் தொலைவில் இருந்தது. உழவர் அந்நீரை வயலுக்குப் பாய்ச்சினர், குடித்தனர், சமைத்தனர். காட்மியம் சேற்றில் தங்கியது. நெற்பயிரின் வேர் அதை ஈர்த்தது. அரிசியின் வழியாக மனித உடலுக்குள் புகுந்தது. 4ஆம் வசனத்தின் தொலைவையும் 5ஆம் வசனத்தின் அப்பத்தையும் ஓர் ஆறு இணைத்துவிட்டது.

உடலினுள் அது செய்ததைச் சற்று விளக்கமாகக் கூறுவது நன்று. ஆயர்ப் பணியில் நோயாளியின் அருகே அமர்பவருக்கு உடலைப் பற்றிய அறிவு வேண்டும். காட்மியம் சிறுநீரகத்தில் படிந்து பத்து முதல் முப்பது ஆண்டு வரை நீங்காமல் தங்கவல்லது. இரத்தத்திலிருந்து வடிந்த நீரில் உடலுக்குத் தேவையான சத்துகளை மீட்டெடுக்கும் நுண்குழல்களை அது சிதைக்கிறது. எலும்புக்கு உரம் தரும் பாஸ்பேட்டும் சுண்ணாம்புச் சத்தும் சிறுநீரோடு வெளியேறுகின்றன. வைட்டமின் டி செயல்படும் வடிவம் பெறுவதும் தடைப்படுகிறது. முடிவில் எலும்பு மென்மையடைகிறது. தொடையிலும் இடுப்பிலும் வலி தொடங்கும்; நடை தள்ளாடும்; பின்னர் இருமினாலோ தும்மினாலோ எலும்பு முறியும். முதுகெலும்பு நசுங்கி ஆள் உயரம் குறைவதும் உண்டு. பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பல பிள்ளைகளைப் பெற்று, நடுவயதைக் கடந்தவர்கள்.

இந்நோய்க்கு மருத்துவர் பெயர் சூட்டவில்லை. நோயாளிகள் 'இதாய், இதாய்' என்று அலறினர். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பதே அதன் பொருள். 1955இல் செய்தித்தாளில் வெளிவந்த அப்பெயரே இன்றுவரை மருத்துவ நூல்களில் நிலைத்திருக்கிறது. 'கூக்குரல்' என்னும் சொல்லுக்குத் திருமறையில் என்ன எடை உண்டென்பதை, யாத்திராகமம் கற்ற நம் மாணவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

5. நண்பர்களின் இறையியல் மீண்டும்

யோபின் நண்பர்கள் மூவரும் தீயவர் அல்லர். அவர்கள் செய்த பிழை, துன்பத்தின் காரணத்தைத் துன்புறுகிறவனுக்குள்ளேயே தேடியது. தொயாமாவிலும் இதுவே நிகழ்ந்தது.

ஊரார் இதனை முன்வினைப் பயனால் வந்த நோய் என்றனர். வீட்டார் நோயாளியை மறைத்தனர். மருத்துவர் சிலர் ஊட்டச்சத்துக் குறைவு என்றனர். வேலை மிகுதி என்றனர். பிள்ளைப்பேறு மிகுதி என்றனர். எலிப்பாசின் குரல் ஒரு முறை மதத்தின் மொழியிலும் மறுமுறை அறிவியலின் மொழியிலும் ஒலித்தது. அவள் ஏன் பாவம் செய்தாள் என்று முன்னவர் கேட்டனர். அவள் ஏன் நன்றாக உண்ணவில்லை என்று பின்னவர் கேட்டனர். அவள் உண்டதே காரணம் என்று எண்ணியவர் இலர்.

நொபோரு ஹகினோ என்னும் உள்ளூர் மருத்துவர் போரிலிருந்து 1946இல் திரும்பித் தம் குடும்ப மருத்துவமனையில் இந்நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். முதலில் அவரும் ஊட்டக் குறைவையே ஐயுற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தபோது அவை யாவும் ஜின்ஸு ஆற்று நீர் பாயும் பகுதியில் அடங்குவதைக் கண்டார். 1957இல் சுரங்க நஞ்சே காரணம் என்று அறிவித்தார். 1961இல் கின்இச்சி யோஷியோகா என்னும் அறிஞரோடு சேர்ந்து காட்மியத்தைச் சுட்டிக்காட்டினார். அவருக்குக் கிடைத்தது புகழன்று. பெயருக்காகப் பேசுகிறார் என்று ஏளனம் செய்தனர். நெல் விலைபோகாது, ஊருக்கு மணப்பெண் வரமாட்டாள் என்று அஞ்சிய சொந்த ஊராரே அவரை வெறுத்ததும் உண்டு. அவ்வச்சத்தை நாம் எளிதாகக் குறைகூற இயலாது. பிழைப்பையும் மானத்தையும் பற்றிய அச்சம் அது.

நண்பர்களின் பேச்சுக்கும் மருத்துவரின் வரைபடத்துக்கும் உள்ள வேறுபாடு நம் ஆய்வுக்கு முக்கியமானது. நண்பர்களிடம் ஒரு கொள்கை இருந்தது. அதற்கேற்ப யோபைப் பார்த்தனர். மருத்துவரிடமும் தொடக்கத்தில் ஒரு கொள்கை இருந்தது. ஆனால் நோயாளிகள் எங்கே வாழ்கிறார்கள் என்று பார்த்தபோது அதைக் கைவிட்டார். யோபின் நூல் முழுவதும் வேண்டுவது இந்த மனமாற்றத்தையே.

6. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இக்காலத் தொழிற்சாலைகளின் சிக்கலைப் பழைய ஏற்பாட்டுக் கவிதையில் ஏற்றுவது முறையா என்று கேட்கப்படலாம். ஆக்கியோனுக்குக் காட்மியம் தெரியாது என்பது உண்மை. ஆனால் சுரங்கம் உடலைக் கெடுக்கும் என்பதைப் பண்டைய உலகம் அறியாதிருந்தது என்று எண்ணுவது பிழை.

எண்ணாகமம் 33ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடங்களுள் பூனோன் ஒன்று. இன்றைய யோர்தான் நாட்டின் ஃபைனான் பள்ளத்தாக்கே அது என்பர். அங்கே செம்புச் சுரங்கங்கள் இருந்தன. தியோக்லேத்தியன் காலத்தில் தொடங்கிய துன்புறுத்தலில் கிறிஸ்தவர் பலர் அவ்விடத்துச் சுரங்கங்களுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டதையும், காசாவின் கண்காணியார் சில்வானு மற்றும் 39 பேர் அங்கே தலைவெட்டப்பட்டதையும் யூசேபியு எழுதியிருக்கிறார். கொலைக் குற்றவாளியும் அங்கே சில நாள்களே உயிர் பிழைப்பான் என்ற கருத்தை அத்தனாசியு குறிப்பிடுகிறார். அண்மைக் காலத்தில் ஆய்வாளர் அப்பள்ளத்தாக்கின் பிசாந்தியக் காலக் கல்லறை எலும்புகளைச் சோதித்து, அவற்றில் செம்பும் ஈயமும் மிகுந்திருக்கக் கண்டனர்.

ஆகவே நம் திருச்சபையின் இரத்தசாட்சிகளில் சிலர், வாளால் இறப்பதற்கு முன்னரே உலைப் புகையையும் தாதுத் தூசியையும் சுவாசித்தவர்கள். திருச்சபை வரலாற்று வகுப்பில் வாளைப் பற்றிப் பேசுகிறோம். தூசியைப் பற்றிப் பேசுவதில்லை. வாள் விழுந்தது சிலர்மேல். தூசியோ அடிமைமேலும் கைதிமேலும் அருகில் குடியிருந்த ஆட்டிடையன்மேலும் விழுந்தது. இதனை நினைவில் கொண்டு யோபு 28ஐ வாசிப்பது காலமுரண் ஆகாது.

மற்றொரு மறுப்பும் உண்டு. கனிமங்களைக் கடவுளின் கொடை என்று உபாகமம் 8ஆம் அதிகாரம் சொல்லவில்லையா? சொல்கிறது. வாக்குத்தத்த நாட்டின் கற்கள் இரும்பு, அதன் மலைகளில் செம்பு வெட்டலாம் என்ற பொருளில் அது பேசுகிறது. நாமும் அக்கொடையால் வாழ்கிறோம். கிராமச் சிற்றாலயத்தின் துத்தநாகம் பூசிய தகரக் கூரையும் பித்தளைக் காணிக்கைத் தட்டும் ஏதோ ஒரு சுரங்கத்திலிருந்து வந்தவையே. எனவே சுரங்கத்தைப் பழித்துவிட்டுக் கைகழுவிக்கொள்ளும் பிரசங்கமும் நேர்மையற்றது. அதே உபாகமப் பகுதி, உண்டு திருப்தியடைந்தபின் மறந்துபோகாதிருக்க எச்சரிப்பதோடு முடிகிறது. எதை மறந்தோம் என்பதே கேள்வி.

7. யோபின் கடைசிச் சொல்

28ஆம் அதிகாரம் தனியே இயற்றப்பட்டுப் பின்னர் இணைக்கப்பட்ட கவிதை என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறே இருப்பினும், நூலைத் தொகுத்தவர் அதனை யோபின் இறுதிப் பேச்சுக்கு முன்னே வைத்திருக்கிறார். அப்பேச்சு 31ஆம் அதிகாரத்தில் ஆணையாக முடிகிறது. அதன் கடைசி மூன்று வசனங்கள் நிலத்தைப் பற்றியவை. தன் நிலம் தனக்கு விரோதமாகக் கூப்பிட்டு, அதன் படைச்சால்கள் ஒருமிக்க அழுதிருக்குமானால், அதன் பலனைக் கூலி கொடாமல் உண்டு அதற்குரியவரின் உயிர்க்கு உலைவைத்திருந்தால், கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்று யோபு தன்னையே சபித்துக்கொள்கிறான். அத்துடன் அவன் வார்த்தைகள் முடிந்தன என்று நூல் குறிப்பு எழுதுகிறது.

படைச்சால் அழுவதற்கு வழங்கும் வினை, 28:11இல் மாசொரேட்டுகள் கேட்ட அழுகையின் அதே வேர்ச்சொல். சுரங்கக்காரன் ஆற்றின் அழுகையை நிறுத்திவிட்டதாக எண்ணுகிறான்; மூன்று அதிகாரத்திற்குப் பின் வயல் அழுகிறது. இத்தொடர்பை நாம் பார்த்த விளக்கவுரைகள் சிறப்பாக எடுத்துக்கூறவில்லை. மண்ணின் அழுகை வழக்குமன்றத்தில் எழுப்பப்படும் சாட்சியமாக நிற்பதே இவ்விரு பகுதிகளையும் சேர்த்து வாசிப்பதன் பயன்.

ஜப்பானில் இத்தகைய சாட்சியத்தைத் தூக்கிச் சென்ற ஒருவரை இங்கே நினைவுகூர்வது தகும். அஷியோ செம்புச் சுரங்கத்தின் கழிவு வதரசே ஆற்றையும் வயல்களையும் கெடுத்தபோது, பாராளுமன்ற உறுப்பினராயிருந்த ஷோஸோ தனகா உழவருக்காகப் போராடினார். பதவியைத் துறந்து, 1901 டிசம்பர் 10ஆம் நாள் பேரரசரின் வண்டியை நோக்கி மனுவோடு ஓடினார். பிற்காலத்தில் திருமறையை ஆழ்ந்து வாசித்தார். 1913இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்றது ஒரு பைதான். அதில் புதிய ஏற்பாடும், நாட்டின் அரசியல் சட்டத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்ட மத்தேயு சுவிசேஷமும், நாட்குறிப்பும், சில கூழாங்கற்களும் இருந்தன. சட்டம், சுவிசேஷம், ஆற்றின் கல்: இம்மூன்றையும் ஒரே பையில் வைத்தவர் யோபின் 31ஆம் அதிகாரத்தை விளங்கிக்கொண்டவர் என்றே நாம் சொல்வோம்.

8. தீமையை விட்டு விலகுதல்

இப்போது 28ஆம் வசனத்திற்கு வருவோம். கர்த்தருக்குப் பயப்படுதலும் பொல்லாப்பை விட்டு விலகுதலும் என்று விடை இரு பகுதியாக அமைந்திருக்கிறது. நூலின் முதல் வசனத்தில் யோபைப் பற்றிச் சொல்லப்பட்டதும் இதுவே. நம் பிரசங்கங்கள் முதற்பகுதியில் நின்று, இரண்டாவதைத் தனிமனித ஒழுக்கமாகச் சுருக்கிவிடுகின்றன. சுரங்கத்தைப் பற்றிய கவிதையின் முடிவில் வரும் விலகுதல், சுரங்கத்தையும் தொடவேண்டாமா?

தொயாமா மக்களின் வரலாறு இதற்கு ஓர் உருவம் தருகிறது. 1966இல் அவர்கள் சங்கமாகக் கூடினர். 1968 மார்ச்சில் சுரங்கத்தை நடத்திய மிட்சுயி நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு மே மாதம் அரசு இதனைச் சுரங்கக் கழிவால் வந்த நோயென ஏற்றது. 1971 ஜூன் 30இல் தொயாமா நீதிமன்றமும், 1972 ஆகஸ்டு 9இல் மேல்முறையீட்டு மன்றமும் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தன. சுரங்கச் சட்டத்தின்படி நிறுவனத்தின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கழிவால் தீங்கு நேர்ந்ததை மெய்ப்பித்தால் போதுமானதாயிருந்தது. நோக்கம் தூயதா என்று கேளாமல், அடுத்தவனுக்கு நேர்ந்த சேதத்தையே கேட்கும் இம்முறை, திறந்த குழியில் விழுந்த மாட்டைப் பற்றிய யாத்திராகமம் 21ஆம் அதிகாரச் சட்டத்தை நமக்கு நினைவூட்டுகிறது.

தீர்ப்பைவிட அதன் மறுநாள் நடந்தது நம் கருத்துக்கு உகந்தது. இழப்பீட்டோடு மேலும் இரு உறுதிகளை மக்கள் பெற்றனர்: கெட்ட மண்ணைச் சீர்ப்படுத்துவது ஒன்று, தாங்கள் வேண்டும்போது அறிஞரோடு சுரங்க வளாகத்துள் சென்று சோதிக்கும் உரிமை மற்றொன்று, செலவு நிறுவனத்தினுடையது. 1972 முதல் ஆண்டுதோறும் ஆற்றோர மக்கள் மலையேறிச் சென்று கழிவுநீரைப் பார்த்துவருகின்றனர். 2001இல் தாது எடுப்பது நின்றபின்னும் இது நிற்கவில்லை. ஆற்றில் காட்மியத்தின் அளவு இயற்கை நிலையை ஒட்டிக் குறைந்துள்ளது. 860க்கும் மேற்பட்ட ஹெக்டேர் நிலத்தின் மண்ணைச் சீர்ப்படுத்தும் பணி 2012இல்தான் முடிந்தது. ஆறுகளைக் கட்டுதல் என்பது இதுவே. ஒருநாள் வீரச்செயலாகக் கவிதையில் தோன்றுவது, உண்மையில் முப்பது நாற்பது ஆண்டு சலியாமல் காயங்கட்டும் வேலை.

குறையும் இல்லாமலில்லை. அரசு நோயாளியென ஏற்றவர் ஏறத்தாழ 200 பேர் மட்டுமே. எலும்பு மென்மையடைந்தாலன்றி நோயாளியென ஏற்கவில்லை. சிறுநீரகம் மட்டும் கெட்டவர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். அவர்களுக்கு நிறுவனம் ஒரு தொகை தரவும் மன்னிப்புக் கேட்கவும் 2013 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் கல்லறைக்குச் சென்றவர் பலர். எலும்பு முறியும் ஓசை கேட்கும்வரை வலியை நம்பாத நியாயம், எலிப்பாசின் நியாயத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டதாகச் சொல்ல இயலாது.

9. நமது பீடங்களுக்கு

இது முடிந்துபோன கதையுமன்று, அயல்நாட்டுக் கதை மட்டுமுமன்று. சாம்பியா நாட்டின் கப்வேயில் ஈயச் சுரங்கம் 1994இலேயே மூடப்பட்டது. ஆயினும் அதன் மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் இன்னும் ஆபத்தான அளவில் இருக்கிறது. நமக்கு மிக அருகில் கோலார் தங்கவயல் இருக்கிறது. வடஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் நம் மக்கள் தலைமுறைகளாகச் சென்று இறங்கிய சுரங்கம் அது. அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்டோர். அங்கே தமிழ்ச் சபைகளும் உண்டு. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பொன் போய்விட்டது, மக்கள் 'சயனைடு மேடுகள்' என்றழைக்கும் கழிவுக் குன்றுகள் ஊரின் நடுவே நிற்கின்றன. கோடைக்காற்றில் அவற்றின் தூசி வீடுகளுக்குள் வருகிறது. யோபு 28ஐ அந்தச் சபைகளில் வாசிக்கும் போதகர், முதல் பதினொரு வசனங்களைக் கடந்துபோக இயலுமா?

ஆகவே நம் உடன் ஊழியருக்கும் மாணவருக்கும் மூன்றைச் சொல்ல விழைகிறோம். முதலாவது, இவ்வதிகாரத்தை முழுமையாக வாசித்து, 31ஆம் அதிகாரத்தின் இறுதியோடு சேர்த்து விளக்குக. இரண்டாவது, நோயுற்றோரைச் சந்திக்கும்போது ஜெபத்திற்கு முன்னரோ பின்னரோ, எந்த நீரைக் குடிக்கிறீர்கள், என்ன வேலை செய்தீர்கள், அண்டை வீட்டாருக்கும் இது உண்டா என்று கேளுங்கள். மூன்றாவது, நோயின் காரணத்தை நோயாளியின் விசுவாசக் குறைவில் தேடும் போதனை நம் சபைகளுக்குள் பெருகிவரும் இந்நாளில், அது யோபின் நண்பர்களுடைய போதனை என்றும், கடவுளே அதைக் கண்டித்தார் என்றும் தயங்காமல் கூறுங்கள்.

22ஆம் வசனத்தை இதுவரை நாம் தொடவில்லை. கடலும் ஆழமும் ஞானம் தங்களிடம் இல்லை என்று சொல்லிவிடுகின்றன. நாசமும் மரணமுமோ, அதன் செய்தியைக் காதால் கேட்டதாகச் சொல்கின்றன. பொன்னை எடுத்தவனுக்குக் கிட்டாத ஒரு செய்தி மரணத்தின் வாசலில் இருப்பவருக்குக் கேட்டிருக்கிறது. பெயரே வலியின் குரலாகிவிட்ட அப்பெண்கள் அவ்வாசலில் பல்லாண்டு படுத்திருந்தவர்கள். அவர்கள் கேட்டதை அவர்களிடமே கேட்டறிந்த பின்பு 28ஆம் வசனத்தைப் பிரசங்கிப்போமாக.